மலரும் நினைவுகளும் ஒரு பழைய ஃபீல்டு புக்கும்

மலர்க் குழு நண்பர் போன் செய்து, "மலருக்கு ஒரு கட்டுரை வேணும்பா. மலரும் நினைவுகள் மாதிரி ஏதாவது எழுதிக் குடு" என்று கேட்டபோது, 'இதென்ன பெரிய வேலை, ஒரே ராத்திரியில முடிச்சுடலாம்' என்றுதான் உட்கார்ந்தேன். ஹாஸ்டல் மெஸ், முதல் வருஷ ராகிங் பயம், கான்கிரீட் லேப்பில் கியூப் உடைத்தது, எல்லாம் வரிசையில் வந்து நின்றன. ஆனால் அதில் ஒரே ஒரு நினைவு மட்டும் என் பேனாவைப் பிடித்து நிறுத்திவிட்டது. அது உண்மையில் நடக்கவே இல்லை என்று எனக்கு இப்போது தெரியும். அதைச் சொல்வதற்கு முன், இந்த 'அந்த நாள் ஞாபகம்' என்ற சமாச்சாரத்துக்கே ஒரு வரலாறு இருக்கிறது. அதைச் சொல்லிவிடுகிறேன். நான் மனோதத்துவ நிபுணன் இல்லை, சிமெண்ட்டோடும் கம்பியோடும் பிழைப்பு நடத்துகிறவன். ஆகவே தைரியமாகப் படிக்கலாம்.

ஒரு மாணவன் சூட்டிய பெயர்

பழைய நாட்களை எண்ணி ஏங்குவதை ஆங்கிலத்தில் 'நாஸ்டால்ஜியா' என்கிறார்கள். கேட்கும்போது ஏதோ கவிஞர் கண்டுபிடித்த சொல் போலத் தோன்றும். அதுதான் இல்லை. அது ஒரு வியாதியின் பெயர். பெயர் வைத்தவரும் ஒரு மாணவர்தான். 1688ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் பாசல் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்த ஜோஹன்னஸ் ஹோஃபர் என்பவர், தம் ஆய்வேட்டுக்காக இந்தச் சொல்லை உருவாக்கினார். அப்போது அவருக்கு வயது 19. நாமெல்லாம் அந்த வயதில் அரியர் பேப்பருக்குப் பணம் கட்டிக்கொண்டிருந்தோம்!

கிரேக்க மொழியில் 'நாஸ்டோஸ்' என்றால் வீடு திரும்புதல், 'அல்கோஸ்' என்றால் வலி. இரண்டையும் ஒட்டினால் வீடு திரும்பத் துடிக்கும் வலி. ஹோஃபர் சொன்ன நோயாளிகளில் ஒருவர் கல்லூரி மாணவர். பெர்ன் நகரிலிருந்து பாசலுக்குப் படிக்க வந்தவர். அங்கே காய்ச்சல், நெஞ்சுப் படபடப்பு, உடல் மெலிவு என்று படுக்கையில் விழுந்து, சாகும் நிலைக்கே போய்விட்டார். கடைசியில் 'இவனுக்கு ஊர் நினைப்புதான், ஊருக்கு அனுப்புங்கள்' என்று முடிவானது. வண்டி ஏறி, ஊர் போய்ச் சேருவதற்குள்ளேயே ஆள் தேறிவிட்டாராம். இன்னொரு நோயாளி ஒரு கிராமத்துப் பெண். கீழே விழுந்து அடிபட்டு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவள், சாப்பாடும் வேண்டாம், மருந்தும் வேண்டாம், வீட்டுக்குப் போகணும் என்ற ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னாள். அவளும் வீடு போய்ச் சேர்ந்துதான் குணமானாள்.

முதல் வருஷத்தில் ஜூலை மாதம் ஹாஸ்டலுக்கு வந்து, போர்வைக்குள் முகத்தை மூடிக்கொண்டு அழுத நண்பர்களே, இதைப் படித்து ஆறுதல் கொள்ளுங்கள். நம் வியாதிக்கு 300 ஆண்டுகளுக்கும் மேலான பாரம்பரியம் உண்டு.

காற்றின் எடையும் மாட்டுக்காரன் பாட்டும்

அக்காலத்தில் சுவிட்சர்லாந்துக்காரர்கள் பிரான்சு முதலிய நாடுகளில் கூலிப்படை வீரர்களாக வேலை பார்த்தார்கள். மலையை விட்டுச் சமவெளிக்கு வந்த அந்த வீரர்களிடம் இந்த ஏக்கம் அதிகம் காணப்பட்டதால், இதைச் சுவிஸ் நோய் என்றே பலரும் நினைத்தார்கள். தம் நாட்டவர் மனம் பலவீனமானது என்று ஊர் பேசுவதைப் பொறுக்காத சூரிக் நகர அறிஞர் ஷாய்க்ஸர், 1705 வாக்கில் ஒரு விளக்கம் கொடுத்தார். மலையில் காற்று லேசு. கீழே இறங்கினால் கனமான காற்று உடலை அழுத்துகிறது, இரத்த ஓட்டம் தடைப்படுகிறது, அதனால்தான் ஏக்கம். ஊருக்கு அனுப்ப முடியாதவர்களைக் குன்றின் மீதோ கோபுரத்தின் மீதோ கொண்டுபோய் வைத்தால் சரியாகும் என்றார்.

ஒரு இன்ஜினீயர் என்ற முறையில் இதைச் சரிபார்த்தேன். ஊட்டியில் காற்றழுத்தம் கடற்கரையைவிட ஏறக்குறைய கால் பங்கு குறைவு. ஷாய்க்ஸர் கணக்குப்படி நம் ஹாஸ்டலில் ஊட்டிப் பையன்கள் மட்டுமே அழுதிருக்க வேண்டும். ஆனால் கடல் மட்டத்திலேயே பிறந்து வளர்ந்த ராமநாதபுரத்துக்காரன்தான் எங்கள் வராந்தாவில் அதிகம் அழுதான். ஆக, தியரி ஃபெயில்!

இன்னொரு செய்தி சுவையானது. ஆல்ப்ஸ் மலையில் மாடு மேய்ப்பவர்கள் மாடுகளை அழைக்கப் பாடும் மெட்டு ஒன்று உண்டு. அதைக் கேட்டால் சுவிஸ் வீரர்கள் கண்ணீர் விட்டுப் படையை விட்டே ஓடிவிடுவார்கள் என்பதால், படைகளில் அதை இசைக்கக் கூடாது, மீறினால் மரண தண்டனை என்று தடை இருந்ததாக, 1768இல் வெளிவந்த தம் இசை அகராதியில் ரூஸோ எழுதினார். அவரே ஒரு நுட்பத்தையும் கவனித்தார். அந்த மெட்டை அயல் நாட்டவர் கேட்டால் ஒன்றும் ஆகவில்லை. ஆகவே சக்தி இசையில் இல்லை, அது கிளறிவிடும் நினைவில்தான் இருக்கிறது என்றார். மெஸ்ஸில் தட்டும் தம்ளரும் மோதும் சத்தம் இன்றைக்கும் எனக்கு என்னவோ செய்கிறதே, அதற்கும் இதுதான் காரணம்.

ஊர் அல்ல, வயது

இந்த விஷயத்தில் நெற்றியடியாக ஒன்றைச் சொன்னவர் ஜெர்மன் தத்துவஞானி காண்ட். 1798இல் வெளிவந்த மானிடவியல் நூலில் அவர் சொல்வதன் சாரம் இது. ஏங்கித் தவித்தவர்கள் ஊருக்குத் திரும்பிப் போனால் ஏமாற்றமே அடைகிறார்கள். 'ஊர் மாறிப்போச்சு' என்று அவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அவர்கள் தேடிப் போனது ஊரை அல்ல, அங்கே கழித்த இளமையை. ஊருக்கு வண்டி உண்டு, இளமைக்கு வண்டி கிடையாது.

ஒவ்வொரு ஆண்டும் சந்திப்புக்கு வந்து, 'அந்தக் காலத்து கேண்டீன் டீ மாதிரி வருமா' என்று குறைப்படும் சீனியர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். டீ அதே டீதான் சார். குடிச்ச வாய்க்குத்தான் வயசாயிடுச்சு.

இதற்குப் பிறகும் நெடுங்காலம் இது நோய்ப் பட்டியலிலேயே இருந்தது. 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில், வடக்குப் படை மருத்துவர்கள் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களுக்கு 'நாஸ்டால்ஜியா' என்றே நோய்க் குறிப்பு எழுதினார்கள். சிலர் அதனால் இறந்ததாகவும் பதிவாகியிருக்கிறது. இருபதாம் நூற்றாண்டில்தான் அந்தச் சொல் மருத்துவமனையை விட்டு வெளியே வந்தது. 1979இல் அமெரிக்கச் சமூகவியலாளர் ஃப்ரெட் டேவிஸ், ஊர் ஏக்கம் வேறு, பழைய நாள் ஏக்கம் வேறு என்று பிரித்துக் காட்டி ஒரு நூலே எழுதினார். இங்கிலாந்தின் சவுதாம்ப்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்ட்ஷுட், செடிகிடீஸ் முதலியோர் 2006இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. தனிமையும் சோர்வும் வரும்போதுதான் பழைய நினைவு அதிகம் வருகிறது. வந்தபின் 'நமக்கும் நாலு பேர் இருக்காங்க' என்ற தெம்பு கூடுகிறது. அதாவது, ஒரு காலத்தில் வியாதி என்று சொல்லப்பட்டது இன்றைக்குப் பாதி மருந்தாகிவிட்டது. நம் சங்கத்துக்கு இதைவிட நல்ல சான்றிதழ் வேண்டாம்.

சொந்தக் கையெழுத்தையே நம்பாத மாணவர்கள்

ஆனால் ஒரு சிக்கல். நாம் ஆசையாக நினைத்துக்கொள்ளும் அந்த நாட்கள், நாம் நினைப்பதுபோலத்தான் இருந்தனவா?

1885இல் ஜெர்மானியரான எபிங்ஹாஸ் தம்மையே சோதனைப் பொருளாக வைத்து, அர்த்தமில்லாத அசைகளை மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து வெளியிட்டார். ஒரு மணி நேரத்தில் பாதிக்கு மேல் காலி. ஒரு நாள் கழித்து மூன்றில் ஒரு பங்கு, ஒரு மாதம் கழித்து ஐந்தில் ஒரு பங்கு, அவ்வளவுதான் மிச்சம். (எக்ஸாமுக்கு முந்தின ராத்திரி மட்டும் படித்த கோஷ்டிக்கு இது அனுபவத்திலேயே தெரியும்.)

மறப்பது கூடப் பரவாயில்லை. மாற்றி வைத்துக்கொள்வதுதான் ஆச்சரியம். கேம்பிரிட்ஜ் பேராசிரியர் பார்ட்லெட் 1932இல் எழுதிய நூலில், அமெரிக்கப் பழங்குடிக் கதை ஒன்றை மாணவர்களிடம் படிக்கக் கொடுத்து, நாள் கழித்துத் திருப்பிச் சொல்லச் சொன்ன சோதனையை விவரிக்கிறார். புரியாத இடங்களை அவர்கள் தங்களுக்குத் தெரிந்த மாதிரி மாற்றிவிட்டார்கள். மரத்தோணி சாதாரணப் படகானது. கடல்நாய் வேட்டை மீன்பிடிப்பானது. யாரும் பொய் சொல்லவில்லை. நினைவு என்பது பீரோவில் வைத்த பிளான் அல்ல, ஒவ்வொரு முறையும் புதிதாகப் பூச்சு வேலை பார்க்கும் கட்டடம் என்றுதான் இதற்கு அர்த்தம்.

எல்லாவற்றிலும் என்னைத் தூக்கிப் போட்டது 1986இல் நடந்த ஆய்வு. அந்த ஆண்டு ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் 'சேலஞ்சர்' விண்வெளி ஓடம் வெடித்துச் சிதறி ஏழு பேர் இறந்தார்கள். மறுநாள் காலையிலேயே, அட்லாண்டா நகரில் உள்ள எமரி பல்கலைக்கழகத்தில் உல்ரிக் நைஸர் என்ற உளவியல் பேராசிரியர் மாணவர்களிடம் கேள்வித்தாள் கொடுத்தார். செய்தியை எங்கே கேட்டாய், யாரோடு இருந்தாய், அப்போது என்ன செய்துகொண்டிருந்தாய் என்று அவரவர் கைப்பட எழுதி வாங்கிவைத்தார். இரண்டரை ஆண்டு கழித்து அவர்களில் 44 பேரைக் கூப்பிட்டு அதே கேள்விகளைக் கேட்டார். நாலில் ஒரு பங்கு பேருக்கு ஒரு விடை கூடப் பொருந்தவில்லை. முழுக்கச் சரியாகச் சொன்னவர்கள் மூன்றே பேர். ஆனால் தப்பாகச் சொன்னவர்களும் அடித்துச் சொன்னார்கள்! அவர்கள் எழுதிக் கொடுத்த தாளையே எடுத்துக் காட்டியபோதும் பழைய நினைவு திரும்பி வரவில்லை. புது நினைவுதான் அவர்களுக்கு உண்மையாக இருந்தது.

ஏன் கல்லூரிக் காலம் மட்டும்?

நாற்பது தாண்டியவர்களிடம் 'மனசில் நிற்கிற சம்பவங்களைச் சொல்லுங்கள்' என்று கேட்டால், ஏறக்குறைய 10 வயது முதல் 30 வயது வரை நடந்தவையே கூட்டமாக வந்து விழும். ஆராய்ச்சியாளர்கள் பலமுறை பார்த்த உண்மை இது. முதல் நண்பன், முதல் சம்பளம், முதல் தோல்வி எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. நாம் யார் என்று நாமே முடிவு செய்துகொள்ளும் வயதும் அதுதான். அதோடு, கசப்பான அனுபவத்தின் கசப்பு சீக்கிரம் கரைகிறது, இனிப்பு அவ்வளவு சீக்கிரம் கரைவதில்லை என்பதும் ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. நம் ஹாஸ்டல் சாம்பார் இன்றைக்கு அமிர்தமானது இப்படித்தான்.

இன்னொரு காரணத்தை பிரெஞ்சு சமூகவியலாளர் ஹால்ப்வாக்ஸ் 1925லேயே சொல்லிவிட்டார். மனிதன் தனியாக நினைவு வைத்துக்கொள்வதில்லை, தன் கூட்டத்தோடு சேர்ந்துதான் நினைவு வைத்துக்கொள்கிறான் என்றார். ஒருவன் சொல்ல, இன்னொருவன் எடுத்துக் கொடுக்க, நாலு பேர் சிரிக்க, அந்தக் கதை கெட்டிப்படுகிறது. நம் சந்திப்புகளில் நடப்பது அதுதான். இதில் ஒரு உள்ளர்த்தமும் இருக்கிறது. கூட்டத்தில் இல்லாதவனுடைய நினைவை எடுத்துக் கொடுக்க ஆள் இருக்காது.

என் ஃபீல்டு புக்

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

நான் 2005இல் சேர்ந்து 2009இல் முடித்த சிவில் பிரிவு. எங்கள் வகுப்பில் ஒருவன் இரண்டாம் ஆண்டோடு படிப்பை விட்டுப் போய்விட்டான். பெயர் வேண்டாம். தமிழ் மீடியத்திலிருந்து வந்தவன், கணக்கில் புலி, இங்கிலீஷில்தான் தடுமாற்றம். அரியரும் சேர்ந்தது, வீட்டில் பணமும் இல்லை. அவன் போன நாள் எனக்கு நேற்று போல ஞாபகம் இருந்தது. நாங்கள் ஆறு பேர் பஸ் ஸ்டாண்ட் வரை போனோம். பரோட்டா வாங்கிக் கொடுத்தேன். அவன் பெட்டியை நான்தான் பஸ் மேலே ஏற்றினேன். ஜன்னல் வழியாகக் கையை ஆட்டினான். இந்தக் கதையை என் மனைவிக்குச் சொல்லியிருக்கிறேன், வேலை பார்த்த சைட்டில் ஜூனியர் பையன்களுக்கும் சொல்லியிருக்கிறேன். சொல்லும்போது எனக்கே கண் கலங்கும்.

2022இல் ஒரு கல்யாண மண்டபத்தில் அவனைப் பார்த்தேன். சென்ட்ரிங் காண்ட்ராக்ட் எடுத்து நன்றாக இருக்கிறான். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பரோட்டா கதையைச் சொன்னேன். சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான்.

"இல்லடா. நீங்கள்லாம் அப்ப சர்வே கேம்ப்ல இருந்தீங்க. நான் கேம்ப்புக்குப் பணம் கட்டலை. எங்கப்பாதான் வந்து டி.சி. வாங்கிட்டு என்னைக் கூட்டிட்டுப் போனாரு. ஹாஸ்டல்ல ஒருத்தனும் இல்ல."

நான் விடவில்லை. "டேய், நான் பெட்டியைத் தூக்கி வச்சேன்டா" என்று அடித்துப் பேசினேன். அவன் சண்டை போடவில்லை. சிரித்துக்கொண்டே, "சரி விடு, அப்படியே வச்சுக்கோ" என்றான். மறுநாள் அவனுடைய டி.சி.யைப் போட்டோ எடுத்து அனுப்பினான். தேதி 11-6-2007.

பரணில் ஏறி என் பழைய ஃபீல்டு புக்கைத் தேடி எடுத்தேன். அதே 11-6-2007. காலை முதல் மாலை வரை லெவலிங். பேக் சைட், ஃபோர் சைட் எல்லாம் என் கையெழுத்தில். அன்றைக்கு நான் மலையில் டம்பி லெவலுக்குப் பின்னால் நின்று, ஸ்டாஃப் பிடிக்கிறவனைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்திருக்கிறேன். பஸ் ஸ்டாண்டுக்குப் போனது உண்மைதான். ஆனால் அது வேறு வருஷம், சீனியர் ஒருவரை வழியனுப்ப. பரோட்டாவும் பெட்டியும் அவருடையவை. இரண்டையும் என் மனசு எப்போதோ ஒட்டவைத்துப் பூசிவிட்டது.

அதைவிட ஒன்று. முதல் பக்கத்தில் எங்கள் கேம்ப் பேட்ச் பட்டியல் இருந்தது. ஆறு பெயர்கள். ஆறாவது அவன் பெயர். ஸ்கேல் வைத்து ஒரே நேர்கோடாக அடித்திருந்தது. அடித்தது நான்தான். பேட்ச் லீடர் நானல்லவா? 'ஏன் வரலை?' என்று அவனைக் கேட்டதாக எனக்கு ஞாபகமே இல்லை. கேம்ப் கட்டணத்தை ஐந்து பேரும் பங்கு போட்டிருக்கலாம் என்று அப்போது யாருக்கும் தோன்றவும் இல்லை.

எமரி பல்கலைக்கழக மாணவர்களைப் போலத்தான் நானும். என் கையெழுத்தை வைத்துக்கொண்டு பார்த்த பிறகும், கண்ணை மூடினால் அவன் ஜன்னலில் கையாட்டுவதுதான் தெரிகிறது. நான் பொய் சொல்லவில்லை நண்பர்களே. ஆனால் என் நினைவு என்னை நல்லவனாக்கிவிட்டது. அவன் தனியாகப் போனதை அது அழித்துவிட்டது.

இரண்டு வேண்டுகோள்கள்

முதலாவது, இப்போது படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கு. ஒரு நோட்டில் தேதி போட்டு நாலு வரி எழுதி வையுங்கள். போட்டோ ஆயிரம் எடுப்பீர்கள், தெரியும். ஆனால் போட்டோவில் சிரிப்புதான் விழும். யார் வரவில்லை, ஏன் வரவில்லை என்பது விழாது. உங்கள் பட்டியலில் ஒரு பெயரை அடிக்க நேர்ந்தால், அடிப்பதற்கு முன்னால் அந்த அறைக் கதவை ஒரு முறை தட்டுங்கள்.

இரண்டாவது, சங்கப் பெரியவர்களுக்கு. நம் அழைப்பிதழ்கள் பட்டம் வாங்கியவர்களின் பட்டியலைப் பார்த்துத்தான் போகின்றன. இடையில் நின்றுபோனவர்களும் இதே வராந்தாவில் நடந்தவர்கள்தான். நாலு வருஷம் படித்தவனுக்கு இருக்கும் ஏக்கம் இரண்டு வருஷம் படித்தவனுக்கு இருக்காதா? ஒவ்வொரு வகுப்பிலும் ஒருவர் பொறுப்பேற்றால், விட்டுப்போன பெயர்களை ஒரு மாதத்தில் சேர்த்துவிடலாம். என் வகுப்புக்கு நான் பொறுப்பு.

இந்த ஆண்டுச் சந்திப்புக்கு அவனை நானே போனில் கூப்பிட்டேன். "எனக்கு அங்க என்னடா வேலை, நான் முடிக்கவே இல்லையே" என்றான். கொஞ்சம் கழித்து, "கேண்டீன் பின்னாடி ஒரு வேப்ப மரம் இருக்குமே, இருக்கா?" என்று கேட்டான்.

எனக்கு ஞாபகம் இல்லை. இருக்கிறது என்று சொல்லியிருப்பேன். ஆனால் இப்போதெல்லாம் என் ஞாபகத்தை நானே நம்புவதில்லை. "நீயே வந்து பாரு" என்று சொல்லியிருக்கிறேன். வந்தால், திரும்பும்போது பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் போக ஐந்து பேர் தயாராக இருக்கிறோம். இந்த முறை தேதி போட்டு எழுதி வைப்பேன்.

வாழ்க நம் கல்லூரி! வளர்க நம் நட்பு!

– 2005–2009 சிவில் பிரிவு மாணவன்